பழைய உடற்பயிற்சிச் சைக்கிளும் முடக்குவாதக் கைகளும்: 14 மாத அனுபவம்

கண்டி வீதிப் பக்கம் உள்ள பழைய சாமான் கடை ஒன்றில் இந்தச் சைக்கிளைக் கண்டபோது நான் முதலில் தொட்டது அதன் திருகைத்தான். மிதியின் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அது. கைபிடிக்குக் கீழே, ஒரு சிறு நூல்பந்து அளவில், கறுப்புப் பிளாஸ்டிக்கில் இருந்தது. அன்று எனக்கு நல்ல நாள் இல்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடிமூட்டில் வீங்கித் தோல் மினுங்கிக்கொண்டிருந்தது. விரல்களால் பிடிக்காமல் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தித் திருப்பினேன். ‘டக்’ என்று ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனது. திருப்பினால் ஒன்றுக்கு வந்தது. அந்த இடத்திலேயே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு 52 வயது. திருகோணமலையில், மனையாவெளியில் இருக்கிறேன். 27 வருடம் தையல் தைத்துப் பிழைத்தவள். ஏழு வருடமாக முடக்குவாதம். கிளினிக் கொப்பியில் ருமட்டொய்ட் ஆத்ரைட்டிஸ் என்று எழுதியிருக்கும். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறது. இரண்டு கையிலும் ஒரே நேரத்தில், அதுவும் சின்ன மூட்டுகளில் வரும். காலையில் எழும்போது ஒரு மணித்தியாலத்துக்கு விரல் மடங்காது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் பெருவிரலை நுழைக்க முடியாமல் போன நாளில்தான் நான் வைத்தியரிடம் போனேன்.

நோயோடு எடையும் வந்தது. தொடக்கத்தில் வீக்கத்தை அடக்க பிரெட்னிசொலோன் தந்தார்கள். அது பசியைக் கிளப்பும். வலியால் நடமாட்டம் குறைந்தது, பசி கூடியது; 62 கிலோவாக இருந்த நான் மூன்று வருடத்தில் 79 கிலோ ஆனேன். என் உயரம் 154 சென்றிமீற்றர்தான். உடற்கொழுப்பும் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது, எடை கூடினால் மருந்தும் சரியாக எடுபடாது என்று வைத்தியர் சொன்னபோதுதான் இது அழகைப் பற்றிய விஷயம் இல்லை என்பது எனக்கு உறைத்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு இதயநோய் வரும் அபாயமும் மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே, நெஞ்சுக்கும் உழைப்புத் தரும் பயிற்சி எனக்கு வேண்டியிருந்தது.

நடந்து பார்க்காமல் இல்லை. டச்சுக்குடாக் கடற்கரை மணலில் இரண்டு வாரம் நடந்தேன். மணல் மெத்தென்றிருக்கும், காலுக்கு இதம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நேர்மாறு. கால் புதையும்போது கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சரிந்தது. விரல்களின் அடியில் கூழாங்கல்லை மிதிப்பதுபோல வலித்தது. அதன்பின் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை தார் வீதியில் நடந்தேன். மான்கள் நிற்கும், மர நிழல் உண்டு, மனதுக்கு அவ்வளவு சுகம். ஆனால் அது ஏற்றம். ஏறிவிடுவேன், இறங்கும்போது முழங்கால் கெஞ்சும். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்கே சுடும், எனக்கோ எட்டு மணிக்கு முன்னால் கை கால் இளகாது. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை வீதியெல்லாம் வழுக்கல். ஆக, வருடத்தில் பாதி நாள் நடை இல்லாமலே போகும்.

கன்னியாவுக்கும் போனேன். ஏழு கிணற்று வெந்நீரை வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டால் தோள் இறுக்கம் விட்டுப்போகும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது இளகுவதற்கு. எடை குறைய அது வழி இல்லை. நகரத்தில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தை விசாரித்தேன். அது மாடியில் இருந்தது. கைபிடி இல்லாத 19 படிகள். படியடியில் நின்று எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன். புதுச் சாமான் விற்கும் ஒரு கடையில் ‘பெட்டி பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும்’ என்று ஏறிப் பார்க்க விடவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஏறிப் பார்க்காமல் எதையும் வாங்க முடியாது. அந்த ஒரு பேச்சோடு அங்கிருந்து வந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கோபம்தான் வருகிறது.

பழைய சாமான் கடைக்காரர் அப்படி இல்லை. “ஏறிப் பாருங்கள் அக்கா, அவசரமில்லை” என்று சொல்லி, ஏறுவதற்கு ஒரு முக்காலியும் கொண்டுவந்து வைத்தார். நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். ஏறும் இடத்தில் நடுக்கம்பி தரையிலிருந்து 11 அங்குலம், என் முழங்காலுக்கு நன்றாகக் கீழே. காலைத் தூக்கி வீச வேண்டியதில்லை, ஒரு படி ஏறுவதுபோல ஏறலாம். அங்கேயே நின்ற இன்னொன்றில், மிதிக்கும்போது கைபிடியும் முன்னும் பின்னும் ஆடும். அதிலும் ஏறிப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதுபோல் ஆயிற்று. கை மூட்டில் நோய் உள்ளவர்கள் அந்த வகையைத் தொட வேண்டாம் என்பேன்.

நான் வாங்கியது காந்தத்தால் பாரம் கூட்டும் வகை. உள்ளே சில்லுக்குப் பக்கத்தில் காந்தம் நெருங்கினால் மிதி கனக்கும், விலகினால் இலகுவாகும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அதனால் தேய்வதில்லை, சத்தமும் குறைவு. எட்டு நிலைகள் உண்டு. பழைய வகையில் ஒரு கம்பளித் துண்டு சில்லை உரசிப் பிடிக்கும். மிக இலகுவான நிலையிலும் அதில் ஒரு கடிப்பு இருக்கிறது. தையல் மெஷின் மிதித்த காலுக்கு அந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். உள்ளே சில்லைச் சுழற்றும் பட்டியின் இழுவை சீராக வருகிறதா, ஒரு சுற்றில் எங்காவது தட்டுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு நாற்பது சுற்று மிதித்துப் பார்த்தேன். தட்டவில்லை. 34,000 ரூபாய் கொடுத்தேன். பட்டா லொறியில் ஏற்றிக் கொண்டுவர 1,500.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குறைகள் தெரிந்தன. மறைக்காமல் சொல்கிறேன்.

முதலாவது, சீற்று உயரத்தை மாற்றும் ஊசி. கம்பியில் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை. அதில் ஒரு ஸ்பிரிங் ஊசி விழும். மாற்ற வேண்டுமானால் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் தலையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். இதைச் செய்தவருக்கு எங்கள் பெருவிரல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை. பள்ளிக்கூடப் பைகளுக்குத் தைக்கும் தடித்த நாடாவில் ஒரு வளையம் தைத்து ஊசித் தலையில் கட்டினேன். இப்போது வளையத்துக்குள் முன்கையை நுழைத்துச் சாய்ந்தால் ஊசி வெளியே வருகிறது. விரலுக்கு வேலையே இல்லை. சீற்று உயரம் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். தாழ வைத்து மிதித்தால் முழங்கால் சில்லு நசிபடும். நான் முதல் வாரம் மூன்றாம் துளையில் வைத்து மிதித்து முழங்கால் வலியை வாங்கிக்கொண்டேன். ஐந்தாம் துளைக்கு மாற்றிய பிறகுதான் அது போயிற்று.

இரண்டாவது, மிதியின் பட்டி. பாதத்தின் மேல் இறுக்கும் அந்தப் பிளாஸ்டிக் பட்டி சரியாக என் வீங்கிய மூட்டுகளின் மேல் விழுந்தது. வெட்டி எடுத்துவிட்டேன். வெறுங்காலோடு மிதித்தால் வழுக்கும். ஆகவே தடித்த அடியுள்ள, ஒட்டுப்பட்டி வைத்த சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். பாதத்தின் நுனியால் மிதிக்காமல் நடுப்பகுதி மிதியில் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, கைபிடி மெலிந்தது. மெலிந்த கம்பியைப் பிடிக்க விரல்கள் இறுக மடங்க வேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டிச் சுற்றி, அதற்கு மேல் துவாய்த் துணியில் உறை தைத்துப் போட்டேன். மணிக்கட்டில் பாரம் போடாமல் முன்கைகளைச் சாய்த்து வைக்க இப்போது இடமிருக்கிறது. அந்தத் திருகுக்கும் இதேபோல ஓர் உறை தைத்தேன். உள்ளங்கைக்கு இன்னும் நன்றாக அமர்கிறது. சீற்றுக்கு இரண்டு மடிப்புப் பஞ்சு, மேலே றெக்சின், நடுவில் விரற்கடை அகலப் பள்ளம். இவ்வளவும் தைக்க எனக்கு ஐந்து நாள் பிடித்தது. முன்பென்றால் ஒரு மத்தியான வேலை. ஆனாலும் இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் தைத்த முதல் பொருள் அதுதான். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது கண் கலங்கிவிட்டது.

உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருகோணமலையில் இரும்பு வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். நான்காம் மாதம் மிதியின் அச்சில் ‘கீச்’ என்று சத்தம் வந்தது, சீற்றுக் கம்பியில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. தையல் மெஷின் எண்ணெயை அச்சில் மூன்று சொட்டு விட்டேன், சத்தம் நின்றது. கம்பியை எண்ணெய்த் துணியால் வாரம் ஒருமுறை துடைக்கிறேன். உரசிப் பிடிக்கும் வகை வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பளித் துண்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் பிடிப்பே போய்விடும்.

மீட்டரில் நேரம் சரியாகக் காட்டுகிறது. அதற்குமேல் அதை நம்பாதீர்கள். என் எடையும் வயதும் கேட்காத பெட்டி நான் எரித்த கலோரியை எப்படிச் சொல்லும்? கைபிடியில் நாடித்துடிப்புப் பார்க்கும் உலோகத் தகடும் உண்டு. அதை இறுகப் பிடிக்க வேண்டும், எனக்கு அது உதவாது. அதற்குப் பதிலாக நிலாவெளியில் இருக்கும் அக்காவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டே மிதிக்கிறேன். தொடர்ந்து பேச முடிகிறது, ஆனால் பாட முடியாது என்றால் அளவு சரி. பேச்சு துண்டு துண்டாக வந்தால், “மெதுவாக மிதி, ஓடியா போகப் போகிறாய்” என்று அக்காவே சொல்லிவிடுவாள்.

இனி, எப்படி மிதித்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதல் மாதம் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, முதலாம் நிலையில். அவ்வளவுதான். என் பெறாமகன் பார்த்துவிட்டு, “பெரியம்மா, இதற்கா 34,000?” என்று கேட்டான். அவனுக்கு 22 வயது. மூன்று நிமிடத்தின் விலை அவனுக்கு எப்படித் தெரியும்? கிளினிக்கில் இயன்மருத்துவர் சொன்ன ஒரு கணக்கை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். பயிற்சி முடிந்து இரண்டு மணித்தியாலம் கழிந்தும் மூட்டு வலி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால், அன்று செய்தது அதிகம். மறுநாள் குறைக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். காலையில் ஏற மாட்டேன். பத்து மணிக்குப் பிறகு, வெந்நீரில் கையை வைத்து இளக்கிய பின்னர், அல்லது பின்னேரம் நாலரைக்கு. ஆறாம் மாதம் கிட்டத்தட்ட 25 நிமிடம் வந்தது. இப்போது மூன்றாம் நிலையில் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். வாரத்துக்கு 150 நிமிடம் நடுத்தர உழைப்பு என்று எல்லோருக்கும் சொல்லும் அளவு அதுதான்.

எடை: முதல் இரண்டு மாதத்தில் அரைக் கிலோ. மனம் சோர்ந்துவிட்டது. ஐந்தாம் மாதம் 75. ஒன்பதாம் மாதம் 71.5. இடையில் ஒரு மாதம் நோய் கிளம்பி ஒரு கிலோ ஏறியது, பிறகு இறங்கியது. போன கிளினிக்கில் 68.5. எல்லாம் அந்த ஒரே தராசில் பார்த்தது.

இது முழுக்கச் சைக்கிளால் வந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். நாளைக்கு நாலு கோப்பைத் தேத்தண்ணீர் குடிப்பேன். எட்டுத் தேக்கரண்டிச் சீனி. அதை நிறுத்தினேன். இரவுப் பாணை விட்டேன். பிட்டின் அளவைப் பாதியாக்கி, மீதியைக் கீரையாலும் மீனாலும் நிரப்பினேன். ஆனால் சாப்பாட்டை மட்டும் குறைத்து மெலிய எங்களுக்கு வழி இல்லை. இந்த நோயின் அழற்சியே தசையைத் தின்னும். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும், தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே சூடை மீனோ முட்டையோ பருப்போ கௌபியோ ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கிறது. சைக்கிள் கொடுக்காத ஒன்றும் உண்டு: எழும்பி நிற்கும் பலம். அதற்குக் கதிரையில் இருந்தபடி, கையை ஊன்றாமல் எழும்பி எழும்பி இருக்கிறேன். பத்துத் தடவை, வாரத்தில் மூன்று நாள். முன்பு இரண்டு தடவைக்கு மேல் முடியாது. வீக்கம் அடங்கியிருப்பதற்கு மருந்துதான் முதற்காரணம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மெதொட்ரெக்ஸேட்டைச் செவ்வாய்க்கிழமைகளில் தவறாமல் எடுக்கிறேன். பிரெட்னிசொலோனை வைத்தியர்தான் படிப்படியாகக் குறைத்தார். கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முழங்காலுக்கு என்ன நடந்தது என்பது எனக்குக் கோவில் ஏற்றத்தில் தெரிந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள, எடை கூடியவர்களிடம் செய்து 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று கண்டார்கள். என் நோய் வேறு என்றாலும் முழங்கால் முழங்கால்தானே. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோவிலுக்கு ஏறி, எங்கும் உட்காராமல் இறங்கி வந்தேன். கோட்டை வாசலில் செருப்புக்குள் கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், வீங்கவில்லை.

எனக்கு இந்தச் சைக்கிள் மிகவும் பிடித்ததற்குக் காரணம், அது கெட்ட நாளுக்கும் பொருந்துகிறது. நல்ல நாளில் நான் டச்சுக்குடாவிலும் நடப்பேன், கோவிலுக்கும் ஏறுவேன். ஆனால் மாதத்தில் நாலைந்து நாள் வீக்கம் கிளம்பும். அப்படி ஒரு கார்த்திகை நாள்: வெளியே மழை கொட்டுகிறது, முற்றம் முழுவதும் வெள்ளம், இரண்டு மணிக்கட்டும் சுடுகிறது, பல்துலக்கியைப் பிடிக்க முடியவில்லை. பின்னேரம் விறாந்தைக்கு வந்து, முக்காலியில் ஏறி, சீற்றில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். முதலாம் நிலை. முழங்காலும் கணுக்காலும் அன்று அமைதியாக இருந்தன. காற்றில் சுற்றுவதுபோல மூன்று நிமிடம் மிதித்து இறங்கினேன். கால் மூட்டுகளும் சுட்டு வீங்கிய நாளில் அதுவும் இல்லை. கட்டிலில் இருந்தே கணுக்காலை மெதுவாகச் சுழற்றுவேன், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று நிமிடம் இருந்தபடியால், வீக்கம் அடங்கியதும் நான் முதலாம் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. நடையை நம்பியிருந்த காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் பிறகு எல்லாம் முதலிலிருந்துதான்.

இடுப்பு மூட்டிலோ முதுகிலோ நோய் உள்ளவர்களுக்கு இந்த நிமிர்ந்த வகை பொருந்தாமல் போகலாம். முதுகுச் சாய்வு வைத்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் வகையை ஏறிப் பாருங்கள். அது விலை கூட, விறாந்தையில் இடமும் கூட வேண்டும். முழங்காலில் நீர் கோத்திருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எதிலும் ஏற வேண்டாம்.

நல்ல நாளில் கடைக்குப் போகாதீர்கள் என்றும் ஒரு வேண்டுகோள். விரல் மடங்காத நாளில் போய், திருகைத் திருப்பிப் பாருங்கள், ஊசியை இழுத்துப் பாருங்கள், ஏறி இறங்கிப் பாருங்கள். ஏற விடாத கடையை விட்டு வெளியே வாருங்கள்.

நான் வாங்கிய கடையில் இதே வகை இன்னொன்று, நீல நிறத்தில், போன கிழமை வரை நின்றது. 36,000 சொன்னார், கேட்டால் குறைப்பார். திருகு நன்றாகத் திரும்புகிறது. சீற்றுக் கம்பியில் ஐந்தாம் துளை மட்டும் தேய்ந்து அகன்றிருக்கிறது, ஊசி சரியாக உட்காரவில்லை. என்னைப் போல ஐந்தடி உயரக்காரர்களுக்கு அந்தத் துளைதான் வேண்டும். ஒட்டுவேலை செய்து தரச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.